மலைக் காவலர் ஜான் மியூர்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிக் கலிபோர்னியா என்னும் மாநிலம் அமைந்துள்ளது. அம்மாநிலத்தின் கிழக்கெல்லையில், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 400 மைல் நீளத்திற்கு நிமிர்ந்து நிற்பது சியரா நெவாடா என்னும் மலைத்தொடர். பனி படர்ந்த மலை என்பதே அப்பெயரின் பொருள். அம்மலையின் நடுவே மெர்செட் என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதற்கு யோசெமிட்டி என்று பெயர். ஏழு மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமே உடைய அச்சிறு வெளியின் இரு மருங்கிலும் 3000 அடி உயரத்திற்குப் பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அப்பாறைகளின் உச்சியிலிருந்து அருவிகள் பல வீழ்கின்றன. அவற்றுள் பெரியது மூன்று பாய்ச்சலாகத் தாவி, 2425 அடி கீழிறங்கித் தரையை அடைகின்றது. வேனிற்காலத் தொடக்கத்தில் மலைப்பனி உருகுங்கால் அதன் முழக்கம் பள்ளத்தாக்கு எங்கும் கேட்கும். முழுமதி இரவில் அதன் துளிகளினூடே வானவில் தோன்றும். ஆவணித் திங்கள் கழியுமுன்னரோ அவ்வருவி வற்றி, வெறும் கறையாய்ப் பாறைமேல் நிற்கும்.

இப்பள்ளத்தாக்கும் இதனைச் சூழ்ந்த மலைக்காடுகளும் இன்று ஒரு தேசியப் பூங்காவாக விளங்குகின்றன. பூங்கா என்ற அளவில் செடி வைத்து நீர் பாய்ச்சும் தோட்டம் என்று எண்ணிவிடுதல் கூடாது. மரம் வெட்டுவோரும் சுரங்கம் தோண்டுவோரும் வீடு கட்டி விற்போரும் புகாவண்ணம், ஒரு நாட்டின் மக்கள் அனைவர்க்கும் பொதுவுடைமையாக ஒதுக்கப்பெற்ற காட்டு நிலமே தேசியப் பூங்கா என வழங்கும். அவ்வாறு ஒதுக்குவதும், ஒதுக்கியதைக் காப்பதும் வெவ்வேறு செயல்கள். முன்னது ஒரு நாளில் முடியும். பின்னதற்கு முடிவே இல்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் பட்டறிந்தவர் ஜான் மியூர்.

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் உள்ள டன்பார் என்னும் ஊரில், 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 21-ஆம் நாள் மியூர் பிறந்தார். தந்தையார் டேனியல் மியூர், தாயார் ஆன். எண்மர் மக்களுள் மியூர் மூன்றாமவர். தந்தையார் கடவுட்பற்று மிக்கவர். கண்டிப்பிலோ எல்லை கடந்தவர். பதினொரு வயது நிரம்புவதற்குள் மைந்தர் விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தார். அதற்கு அவருடைய நினைவாற்றல் பாதி காரணம் என்றால், தந்தையாரின் பிரம்பு மறுபாதி காரணமாகும். 1849-இல் அக்குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் காடு திருத்திப் பயிர்செய்து வாழத் தொடங்கியது.

புதிய நாட்டின் ஏரிகளும் பறவைகளும் சிறுவர்க்குப் பேரின்பம் அளித்தன. ஆனால் அவற்றைக் கண்டு களிக்க நேரம் கிடைப்பது அரிதாயிற்று. பொழுது புலருமுன் எழுந்து பொழுது சாய்ந்த பின்னரும் உழைக்க வேண்டும் என்பது தந்தையாரின் ஆணை. பின்னர் வாங்கிய மேட்டு நிலத்தில் நீர் இல்லை. கிணறு தோண்டும் பொறுப்பு மியூரின் தலைமேல் விழுந்தது. சில அடிகளுக்குக் கீழ் யாவும் மணற்பாறை. வெடி வைத்துப் பயனில்லாமற்போகவே, உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைக் கொத்தும்படி தந்தையார் பணித்தார். நாள்தோறும் காலையில் வாளியில் அமர்த்தி அவரை உள்ளே இறக்குவர், நண்பகலில் உணவுக்காக ஏற்றுவர், மீண்டும் இறக்குவர். இவ்வாறு திங்கள் பல கழிந்தன. ஏறத்தாழ 80 அடி ஆழம் தோண்டியிருந்தபோது, ஒரு நாள் காலை அடியில் தேங்கியிருந்த கரியமில வாயு அவரை மயக்கியது. மேலிருந்து தந்தையார் கூவி அழைத்த குரல் கேட்டு, உணர்வு முற்றும் நீங்குமுன் வாளியைப் பற்றிக்கொண்டமையால் உயிர் பிழைத்தார். இரண்டொரு நாள் ஓய்விற்குப் பின், நச்சுக் காற்றைக் கலைக்கும் வழியை அண்டை அயலார் சொல்ல, மீண்டும் உள்ளே இறங்கி 90 அடியில் நீர் கண்டார். மலைமுகட்டில் திறந்த வெளியை அவர் பிற்காலத்தில் அத்துணை விரும்பியதற்கு அந்த இருட்கிணறும் ஒரு காரணம் எனலாம்.

படிப்பதற்கு இரவில் விழித்திருக்கத் தந்தையார் இசையவில்லை. விடியுமுன் எவ்வளவு நேரத்தில் எழுந்தாலும் தடையில்லை என்றார். மியூர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, கடுங்குளிரில் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே எழலானார். நிலவறையில் அமர்ந்து நூல்களைப் படித்ததோடு, மரத்துண்டுகளைச் செதுக்கிப் பொறிகள் பலவும் செய்தார். குறித்த நேரத்தில் உறங்குவோரைச் சாய்த்துத் தரையில் நிறுத்திவிடும் கட்டில் அவற்றுள் ஒன்று. 1860-இல் மேடிசன் நகரில் நடைபெற்ற பொருட்காட்சியில் அதனைக் கண்டோர் வியந்து பாராட்டினர். அந்நகரிலிருந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வேதியலும் நிலவியலும் செடியியலும் பயின்றார். பட்டம் பெறுவதற்கு அவர் காத்திருக்கவில்லை.

பொறித்திறன் மிக்க இளைஞர்க்குத் தொழிற்சாலைகளில் இடம் எளிதிற் கிட்டியது. இண்டியனாபோலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலை ஒன்றில் அவர் பணிபுரிந்தார். வேலையைச் சுருக்கவும் பொருளை மிகுக்கவும் அவர் கண்ட வழிகளைக் கண்டு முதலாளிகள் மகிழ்ந்தனர். அவ்வழியே சென்றிருந்தால் அவர் பெருஞ் செல்வராகியிருத்தல் கூடும். 1867-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு நாள், எந்திரத்தின் தோல்வாரைத் தளர்த்துங்கால், கையிலிருந்த அரத்தின் கூர்முனை நழுவி அவரது வலக்கண்ணில் பாய்ந்தது. சில மணி நேரத்தில் இடக்கண்ணும் ஒளி இழந்தது. இருட்டறையில் கிடந்த அந்த வாரங்களில் அவரை வாட்டிய எண்ணம், இனி ஒரு மலரையும் காணல் இயலாதே என்பதுதான். நல்வாய்ப்பாகப் பார்வை மீண்டது. மீண்ட கண்களை எந்திரங்களுக்கு அளிப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆலையினின்றும் வெளியேறினார்.

அவ்வாண்டு செப்டம்பரில் அவர் தெற்கு நோக்கி நடந்தார். மக்கள் நெருங்கிய நெடுஞ்சாலைகளை விடுத்து, காடும் சதுப்பும் மிகுந்த வழிகளையே தேர்ந்துகொண்டு, ஏறத்தாழ 1000 மைல் தொலைவு கடந்து புளோரிடாக் கடற்கரையை அடைந்தார். சிறு மூட்டையில் சில நூல்களும், செடிகளை அழுத்தி உலர்த்துவதற்குரிய கருவியுமே இருந்தன. வழியிற் பற்றிய முறைக்காய்ச்சல் அவரைச் சாவின் வாயில்வரை கொண்டுசென்றது. தென் அமெரிக்கா செல்லும் எண்ணத்தை விடுத்து, கப்பலேறி, பனாமா வழியாக 1868-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் வந்திறங்கினார். அந்நகரில் அவர் நெடுநேரம் தங்கவில்லை. எதிர்ப்பட்ட ஒருவரிடம் நகரைவிட்டு வெளியேறும் வழி கேட்டார். எங்குச் செல்ல விருப்பம் என அவர் வினவ, மனிதர் கை படாத இடம் எதுவாயினும் நன்று என்றார். அவ்வழியே நடந்து சியரா மலையைக் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது.

மலையில் வாழ்வதற்கு அவர் கண்ட முதல் வழி ஆடு மேய்க்கும் வேலை. 1869-ஆம் ஆண்டுக் கோடையில், 2000-க்கு மேற்பட்ட ஆடுகளை மேட்டுப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்லும் கூட்டத்தோடு அவரும் சென்றார். உடன் சென்ற நாய்க்கும் இடையனுக்கும் மந்தையின்மேல் கண்; மியூருக்கோ மலர்கள்மேல் கண். அவர் ஆடுகளின் பின்னே நடக்குந்தோறும் ஓர் உண்மை புலனாயிற்று. மந்தை வருமுன் இடுப்பளவு உயர்ந்து பூத்துக் குலுங்கிய வெளி, அது கடந்து சென்ற மறுநாள் புழுதிக் காடாய்க் கிடந்தது. புல்லும் பூவும் இளமரக் கன்றும் ஒருங்கே அழிந்தன. வேர்ப்பிடிப்பு இழந்த மண்ணை மழைநீர் ஆற்றில் சேர்த்தது. பயிரை மொட்டையடிக்கும் வெட்டுக்கிளிக் கூட்டத்திற்குக் குளம்பு முளைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அம்மந்தை. தம் கூலிக்காகத் தாமே ஓட்டிச் சென்ற ஆடுகள் அவை என்பதை மியூர் மறைத்ததில்லை. அழிவை அருகிருந்து கண்ட அறிவே பிற்காலத்தில் அவர் எழுத்திற்கு வலிமை தந்தது.

அடுத்து, யோசெமிட்டியில் விடுதி நடத்திய ஒருவரிடம் மரம் அறுக்கும் வேலையை ஏற்றார். நிற்கும் மரத்தைத் தொடாமல், புயலில் வீழ்ந்த மரங்களையே அறுத்தார். ஓய்வு நேரங்களில் ரொட்டித்துண்டும் தேயிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பளி தானும் இன்றி மலையேறிவிடுவார். பெரும்புயல் வீசிய ஒரு நாள், 100 அடி உயர்ந்த ஊசியிலை மரமொன்றின் உச்சியில் ஏறி, அது வளைந்து வளைந்து ஆட, மணிக்கணக்கில் அங்கேயே இருந்து காடெங்கும் எழுந்த ஒலியைக் கேட்டார். இச்செயலைப் பிறர் பின்பற்ற வேண்டுவதில்லை.

அம்மலையைப் பற்றி அவர் கண்டறிந்த உண்மை அறிஞர் உலகையே திடுக்கிடச் செய்தது. கலிபோர்னியாவின் தலைமை நிலவியலறிஞராக விளங்கிய விட்னி என்பார், பெருநிலநடுக்கம் ஒன்றில் தரை திடீரெனக் கீழிறங்கியமையால் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு உண்டாயிற்று என்று கூறியிருந்தார். மியூர் அங்குள்ள பாறைகளில் ஒரே திசையில் ஓடிய கீறல்களையும், கண்ணாடிபோல் மெருகேறிய பரப்பையும், இடம்பெயர்ந்து கிடந்த பாறைக் குண்டுகளையும் உற்று நோக்கினார். பண்டைக்காலத்தில் மலைமேலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கிய பனியாறுகளே இப்பள்ளத்தாக்கைச் செதுக்கின என்று துணிந்தார். ஆடு மேய்ப்பவனுக்கு நிலவியல் எதற்கு என விட்னி இகழ்ந்தார். மியூர் வாதாடவில்லை, மேலும் உயரே ஏறிச் சென்று, உயிருள்ள பனியாறுகள் சியராவில் இன்னும் எஞ்சியிருப்பதைக் கண்டார். 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மக்ளூர் என்னும் சிகரத்தின் பனிப்பரப்பில் முளைகளை ஒரே நேர்க்கோட்டில் அடித்துவைத்து, 46 நாள் கழித்துச் சென்று அளந்தார். நடுப்பகுதியில் இருந்த முளை 47 அங்குலம் கீழே நகர்ந்திருந்தது. ஆறுகளின் பங்கை அவர் குறைத்து மதித்தார் என்று பின்வந்த அறிஞர் திருத்தினர். ஆயினும் அடிப்படையில் வென்றது ஆடு மேய்ப்பவர் கூற்றே.

இங்கு ஒரு செய்தியைக் கூறாது விடுதல் முறையன்று. மியூர் கண்ட அப்பள்ளத்தாக்கு மனிதர் கை படாத நிலமன்று. அவானீச்சி என்னும் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக அங்கு வாழ்ந்தனர். கருவாலி மரத்தின் கொட்டைகளே அவர்தம் முதன்மை உணவு. ஆண்டுதோறும் அளவறிந்து சிறு தீ இட்டு, புதர் மண்டாதவாறும் புல்வெளி மூடிப்போகாதவாறும் அவர்கள் காத்துவந்தனர். பொன் தேடி வந்தோர்க்கும் அவர்க்கும் மூண்ட பூசலில், 1851-இல் படையொன்று உட்புகுந்து, அவர்தம் குடில்களையும் உணவுச் சேமிப்புகளையும் எரித்து, மக்களை வெளியேற்றியது. ஒரு சிலரே பின்னர்த் திரும்பி வந்தனர். பதினெட்டு ஆண்டு கழித்து மியூர் கண்டு வியந்த சோலை சூழ்ந்த வெளிகள் அம்மக்களின் கைவண்ணமும் ஆகும். இதனை மியூர் உணரவில்லை. அன்றியும், தம் இளமைக் குறிப்புகளில் அவர்களைப் பற்றி இழிவாகவும் எழுதினார். பின்னர் அலாஸ்காவில் டிளிங்கித் மக்களோடு மரக்கலத்தில் பயணம் செய்தபோது, அவர்தம் அறிவையும் அன்பையும் கண்டு அவரது மனம் பெரிதும் மாறியது. எனினும் இக்குறை அவர் வாழ்வில் குறையே.

1879-இல் தொடங்கிப் பன்முறை அவர் அலாஸ்கா சென்று, கடலில் வந்து விழும் மாபெரும் பனியாறுகளை ஆராய்ந்தார். 1880-இல் லூயி என்னும் நங்கையை மணந்து, மார்ட்டினெஸ் என்னும் ஊரில் மாமனாரின் பழத்தோட்டத்தை மேற்பார்த்தார். பெண்மக்கள் இருவர் பிறந்தனர். திராட்சையும் பேரியும் பயிரிட்டுப் பொருள் மிக ஈட்டினார். ஆனால் உடல் நலிந்தது, எழுத்து நின்றது. மலையைப் பிரிந்தால் கணவர் நலமுறார் என்பதை முதலில் உணர்ந்தவர் அவருடைய மனைவியாரே. தோட்டத்தின் ஒரு பகுதியை விற்றுவிட்டு மீண்டும் மலைக்கும் எழுதுகோலுக்கும் திரும்புமாறு அவ்வம்மையார் வேண்டிக்கொண்டார். பிற்காலத்துப் பூங்காக்கள் அவ்வம்மையாருக்கும் கடப்பாடுடையன.

1889-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், செஞ்சுரி என்னும் இதழின் ஆசிரியருள் ஒருவரான ஜான்சன், மியூருடன் யோசெமிட்டிக்கு வந்தார். அப்பள்ளத்தாக்கு 1864-இலேயே, உள்நாட்டுப் போரின் நடுவில், லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் கலிபோர்னியா மாநிலத்தின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆனால் காக்க வேண்டியவரே அதனை வாணிகர்க்கு விட்டனர். புல்வெளிகள் உழப்பட்டு வேலியிடப்பட்டிருந்தன, மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. மேட்டு நிலத்திற்கோ அப்பெயரளவுப் பாதுகாப்பும் இல்லை. டுவாலமிப் புல்வெளியில் இருவரும் தங்கியபோது, முன்பு படித்திருந்த மலர்ப்பரப்பு எங்கே என்று ஜான்சன் வினவினார். ஆடுகள் தின்று தீர்த்துவிட்டன என்பதே மியூரின் விடை. மேலே அழிந்தால் கீழே அருவியும் இல்லை என்பதை அவர் விளக்கினார்: வேனிலில் உருகும் பனிநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது மேட்டுக் காடும் புல்லுமேயன்றோ? பள்ளத்தாக்கைச் சூழ்ந்த நிலம் முழுவதையும் தேசியப் பூங்காவாக்க முயல்வது என அன்றிரவு தீயருகே அமர்ந்து இருவரும் முடிவு செய்தனர்.

மியூர் எழுதிய இரு கட்டுரைகள் 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் படங்களோடு வெளிவந்தன. ஜான்சன் தலைநகர் சென்று உறுப்பினர்களிடம் பேசினார். அக்டோபர் முதல் நாள் யோசெமிட்டி தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று. ஏறத்தாழ 1500 சதுர மைல் நிலம் காவலுக்குள் வந்தது. 1872-இல் அமைந்த எல்லோஸ்டோன் பூங்காவே இதற்கு முன்னோடி.

சட்டம் வந்தது; சட்டத்தை மீறினால் தண்டனை யாது என்பது அதில் இல்லை. பூங்காவைக் காக்க அனுப்பப்பட்ட குதிரைப் படையினர், உட்புகும் இடையரைப் பிடித்தாலும் சிறையிடல் இயலாது. எனவே அவர்கள் ஓர் உத்தியைக் கையாண்டனர். பிடிபட்ட மந்தையைப் பூங்காவின் ஓர் எல்லையில் கொண்டுவிடுவர்; இடையரை மலைகளைக் கடந்து மறுகோடி எல்லையில் கொண்டுவிடுவர். அவர் தம் ஆடுகளைத் தேடிச் சேர்வதற்குள் பல நாள் ஆகும், மந்தையும் சிதறியிருக்கும். சில ஆண்டுகளில் மேட்டு வெளிகள் மீண்டும் பூக்கத் தொடங்கின.

பூங்காவின் எல்லையைச் சுருக்க மரவாணிகரும் மந்தை உடையோரும் உடனே முயன்றனர். அம்முயற்சியை எதிர்க்க 1892-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் சியரா கழகம் தோன்றியது. மியூர் அதன் தலைவரானார். இறக்கும்வரை அவரே தலைவர். 1903-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வர விரும்பி, மியூரைத் துணைக்கு அழைத்தார். பள்ளத்தாக்கில் விருந்தும் வாணவேடிக்கையும் காத்திருந்தன. தலைவரோ அவற்றைத் தவிர்த்து, மூன்று இரவு மியூருடன் திறந்த வெளியில் தங்கினார். முதல் இரவு, ஆயிரம் ஆண்டுகட்கு மேல் வாழ்ந்த செக்கோயாப் பெருமரங்களின் அடியில் உறங்கினர். மறுநாள் இரவு பாறை முகட்டில் பனி பெய்து, காலையில் கம்பளிமேல் அங்குலக் கணக்கில் படிந்திருந்தது. ரூஸ்வெல்ட் குழந்தைபோல் மகிழ்ந்தார். வேட்டையில் விருப்பமுடைய அவரை நோக்கி, உயிர்களைக் கொல்லும் இச்சிறுபிள்ளைத்தனம் எப்பொழுது நீங்கும் என மியூர் அஞ்சாது கேட்டார். பள்ளத்தாக்கை மாநிலத்திடமிருந்து மீட்டுப் பூங்காவோடு இணைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1906-இல் அவ்விணைப்பு நிறைவேறியது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, மரத்திற்காகவும் சுரங்கத்திற்காகவும் 500 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் பூங்காவினின்றும் அறுத்து எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு கை கொடுத்ததை மறுகை பறித்தது.

மியூரின் வாழ்வில் கடும்போர் இதன் பின்னரே நேர்ந்தது. யோசெமிட்டிக்கு வடமேற்கே, டுவாலமி ஆற்றின் கரையில், ஹெட்ச் ஹெட்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அளவிற் சிறியதாயினும் அழகில் அது யோசெமிட்டியின் தங்கை. அங்கும் வானுயர் பாறைகள், அங்கும் அருவிகள், நடுவே ஆறு வளைந்து செல்லும் பசும்புல் வெளி. பூங்காவின் எல்லைக்குள்ளேயே அது இருந்தது. குறுகிய வாயிலும் அகன்ற வயிறும் உடைய அவ்விடத்தைக் கண்ட பொறியியலார், அணை கட்டுவதற்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை என்றனர். சான் பிரான்சிஸ்கோ நகரம் அதனை வேண்டிக் கேட்டது. 1903-இல் மறுக்கப்பட்டது.

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலையில் அந்நகரைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து எழுந்த தீ மூன்று நாள் எரிந்தது. அணைக்க நீர் கிடைக்கவில்லை. உண்மையில் நிலத்தடிக் குழாய்கள் உடைந்ததே காரணம். நீர் நிலைகளில் நீர் இருந்தது. ஆனால் எரிந்த நகரத்தின் துயரின் முன் இந்நுட்பம் எடுபடவில்லை. நகரமக்கள் கேட்டதும் அற்பப் பொருளன்று. தனியார் நிறுவனம் ஒன்றின் கையிலிருந்த குடிநீரைப் பொதுவுடைமையாக்க அவர்கள் விரும்பினர். காட்டு வளத்தை மக்கள் பயனுக்கு அளவறிந்து எடுப்பதே பாதுகாப்பு என்ற கொள்கையுடைய கிஃபர்டு பிஞ்சோ முதலிய நல்லறிஞரும் அவர்கள் பக்கம் நின்றனர். பிஞ்சோ ஒரு காலத்தில் மியூரின் நண்பர். 1908-இல் அணைக்கு முதல் இசைவு அளித்ததோ, பனியில் மியூருடன் படுத்துறங்கிய ரூஸ்வெல்ட்டின் அரசு.

வேறு ஆறுகளிலிருந்தும் நகருக்கு நீர் கொணரலாம். செலவு சற்று மிகும், அவ்வளவே என்பது மியூரின் கட்சி. ஒரு பூங்காவின் நடுவே அணை கட்ட இடங்கொடுத்தால், எந்தப் பூங்காவும் இனிப் பூங்காவாக நிலைக்காது என அவர் அஞ்சினார். எழுபது வயதைக் கடந்த அவர், மனைவியை 1905-இலேயே இழந்து, இருமலால் மெலிந்து, தனிமனையில் அமர்ந்து இரவும் பகலும் எழுதினார். நாடெங்கும் மகளிர் சங்கங்களும் இதழ்களும் அவருக்குத் துணை நின்றன. ஆயிரக்கணக்கான மடல்கள் தலைநகரில் குவிந்தன. அவருடைய சொந்தக் கழகத்திலேயே சிலர் நகரத்தின் பக்கம் சாய்ந்தது அவரைப் பெரிதும் வருத்தியது. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், மேலவையில் 43 பேர் அணைக்கு ஆதரவாகவும் 25 பேர் எதிராகவும் வாக்களித்தனர். 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் கையெழுத்திட்டார்.

மியூர் தோற்றார். மறு ஆண்டு முழுவதும் அலாஸ்காப் பயண நூலை எழுதுவதில் ஈடுபட்டார். 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மருத்துவமனையில் நுரையீரல் அழற்சியால் உயிர் நீத்தார். முற்றுப்பெறாத அந்நூலின் கைப்படிகள் அருகிலேயே இருந்தன.

ஹெட்ச் ஹெட்சி அணை 1923-இல் கட்டி முடிந்தது. 1934-இல் அதன் நீர் நகரை எட்டியது. புல்வெளியும் கருவாலிச் சோலையும் நீரில் மூழ்கின. இன்று இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் அந்நீரைப் பருகுகின்றனர். மிகத் தூய நீர் அது. அணையை நீக்கிப் பள்ளத்தாக்கை மீட்கலாமா என ஆராயும் திட்டத்தை 2012-இல் நகர மக்களின் வாக்கிற்கு விட்டபோது, பெரும்பான்மையோர் வேண்டா என்றனர். ஆயினும் அத்தோல்வி வீண்போகவில்லை. காப்பாற்றுதற்குத் தனித்துறை ஒன்று இன்மையே கேட்டிற்குக் காரணம் என்பதை நாடு உணர்ந்து, 1916-இல் தேசியப் பூங்காத் துறையை நிறுவியது. 1950-களில் டைனசோர் தேசிய நினைவிடத்தினுள் எக்கோ பார்க் என்னுமிடத்தில் அணை கட்ட முயன்றபோது, ஹெட்ச் ஹெட்சியின் படங்களையே எடுத்துக்காட்டி மியூரின் வழிவந்தோர் போராடினர். 1956-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

மியூர் காணாத இடர்களும் யோசெமிட்டிக்கு வந்துள்ளன. 2016-இல் மட்டும் அங்கு வந்தோர் 50 இலட்சத்திற்கு மேல். ஊர்தி நெரிசலில் அருவியின் ஒலி அமுங்கிப்போகும் நாள்களும் உண்டு. தீயை முற்றிலும் தடுத்தலே காட்டிற்கு நலம் என்று நெடுங்காலம் எண்ணியமையால் புதரும் இளமரமும் அடர்ந்தன; விளைவு, பெருந்தீ. செக்கோயாவின் காய்கள் வெடித்து விதை சிந்துவதற்குச் சிறு தீ வேண்டும். ஆனால் 2020-இலும் 2021-இலும் சியராவின் தென்பகுதியில் மூண்ட பெருந்தீயில் அம்முதுமரங்களே ஆயிரக்கணக்கில் மடிந்தன. அவானீச்சியர் அறிந்திருந்த சிறுதீயின் பயனை அறிவியலார் இன்று மீண்டும் கற்கின்றனர். பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த பழங்குடியினர் வீடுகளை 1969-இல் அகற்றிய அதே பூங்காத் துறை, அவர்தம் ஊரை மீண்டும் எழுப்ப 2018-இல் அவர் வழித்தோன்றல்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

மக்ளூர் பனியாற்றிற்கு அருகே லயல் என்னும் பெரிய பனியாறு ஒன்று உண்டு. உலகம் வெப்பமடைந்து வருதலால் அது மெலிந்து மெலிந்து, நகரும் ஆற்றலையே இழந்து, வெறும் பனிக்கட்டிப் பாளமாகிவிட்டது என 2013-இல் பூங்காத் துறையினர் அறிவித்தனர். மியூர் முளையடித்த மக்ளூரும் பெரிதும் சுருங்கிவிட்டது. ஆனால் அண்மைக் கால அறிவியலார் அதன்மேல் மீண்டும் முளைகளை நட்டு அளந்தபோது, அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. 1872-இல் மியூர் கண்டவாறே, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம்.